வாழவந்தியில் இரண்டு கல்லறைகள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“தேவ சித்தமும் நம் படிப்பும்” என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பேச நான் தகுதியானவன்தானா என்று என் மனைவியிடம் கேட்டேன். “உண்மையைச் சொல்லுங்க, போதும்”னு சொன்னாங்க. அதனால உண்மையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நாலைந்து மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன், வருவேன். அவ்வளவுதான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர் கம்பெனி வேலை போன பிறகு சொந்த ஊரான ஜலகண்டாபுரத்துக்கே திரும்பி, தறி ரிப்பேர் பட்டறை வைத்தேன். எங்க ஊரில் சந்துக்குச் சந்து தறிச் சத்தம்தான். பத்தாவதில் தவறினால் பையன் நேரே தறிக்குப் போய்விடுவான். ஆண்டவர் என்னை இதற்குத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று நம்பி, சாயங்காலம் பட்டறையிலேயே இலவசமாகக் கணக்குப் பாடம் ஆரம்பித்தேன். முதல் மாதம் பதினேழு பேர். மூன்றாம் வருஷம் நாலு பேர். கூடப் படித்தவர்கள் வீடு கட்டிக் குடிபோகும் பத்திரிகைகள் வரும். சித்தமாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொல்லிமலைக்குப் போனேன். ஜெபிக்கப் போகலீங்க. ஒரு மோட்டார் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வேலையை முடித்துவிட்டு, வாழவந்தியில் இருக்கும் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியின் கல்லறைகளையும் பார்த்தேன்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907-ல் இந்தியா வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்தவர். 1913-ல் எவலினை மணந்தார். மலையில் வருஷக்கணக்கில் உழைத்தும் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார்? பல் பிடுங்கினார். பள்ளிக்கூடம் நடத்தினார். நரம்புச் சிலந்தி வந்தவர்களின் காலிலிருந்து புழுவை எடுத்தார். அதோடு நிற்கவில்லை. புண்ணுள்ள காலோடு கிணற்றில் இறங்குவதால்தானே தண்ணீரில் நோய் பரவுகிறது? கால் தண்ணீரில் படாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொல்லிக் கொடுத்தார். நம்மைப் போன்ற இன்ஜினியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த நோய் இந்தியாவை விட்டே ஒழிந்துவிட்டதாக 2000-ல்தான் சான்று கிடைத்தது.

பிறகு ஒரு காய்ச்சல் பரவியபோது, அதுவரை அவர்களை எதிர்த்து வந்த பூசாரி சாகக் கிடந்தார். அவர் வீட்டுக்குள் போக மற்றவர்கள் பயந்தார்கள். இவர்கள் போனார்கள். அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜனங்கள் மனம் திறந்தது அதற்கப்புறம்தான்.

1929 ஜூனில் மலேரியா முற்றி ஜெஸ்ஸி இறந்துபோனார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் பிரிந்தவன், அப்பாவை மறுபடி பார்க்கவேயில்லை. சாவுத் தந்தி முதலில் வந்தது. அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் அதற்குப் பின்னும் வந்துகொண்டிருந்தன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பால் முதலில் கட்டட வேலை கற்று, பிறகு டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது உங்களில் பலருக்குத் தெரியும். நான் அந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எவலினுக்கு 68 வயதானதும் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. மிஷன் சம்பந்தத்தை விட்டுவிட்டு மறுபடி மலைக்கே ஏறிவிட்டார்! கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலையெல்லாம் பாக்கி இருக்கிறது என்பது அவர் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கம்பு ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் போனார். மகனே டாக்டர். “போதும்மா, இறங்கி வா” என்று கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

கல்லறை முன்னால் நிற்கும்போது எனக்குத் தரிசனம் எதுவும் வரவில்லை, வெயில்தான் அடித்தது. ஆனால் ஒரு கேள்வி வந்தது. பதினேழு பேர் இருந்தபோது நான் நம்பியது ஆண்டவரையா, அந்தப் பதினேழையா? இன்றைக்கும் எனக்கு இதற்குச் சரியான பதில் தெரியாது. மலையிறங்கும் பஸ்ஸில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஜெபித்தேன். நீளமான ஜெபம் இல்லை. வளைவுகளில் வயிற்றைப் புரட்டியதும் ஒரு காரணம்.

தம்பிகளா, இப்போதும் வருவது ஆறு பேர்தான். அதில் ஒருத்தி போன வருஷம் ஒன்பதாவதோடு நின்றுபோன பிள்ளை, மறுபடி பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறாள். கணக்கில் இன்னும் 35 தாண்டவில்லை. திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. பின்னம் இன்னும் முடிக்கவில்லை. பட்டறைச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால்தான் தாரமங்கலம் வழியாக விளக்கு வைக்கும் நேரத்துக்காவது ஊர் போய்ச் சேரலாம். முதல்வர் ஐயா மன்னிக்க வேண்டும், சாயங்காலக் கலைநிகழ்ச்சிக்கு என்னால் இருக்க முடியாது.