மீண்டு வரும் பிள்ளைக்குப் பெற்றோர் துணை

(நமது பள்ளிவாசலில் பெற்றோருக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

போதைப் பொருள் ஹராம் என்பதை இந்த மிம்பரிலிருந்து பலமுறை எடுத்துரைத்துவிட்டோம். இன்று அதை மீண்டும் சொல்லப் போவதில்லை. வளர்ந்து ஆளான மகன் அதில் விழுந்துவிட்டான். இப்போது விட்டுவிட விரும்புகிறான். பெற்றவர்கள் என்ன செய்வது? இதுவே இன்றைய பேச்சு.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். கூடியிருந்தோரில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றும் பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. தண்டனையும் நிற்கவில்லை, நேசமும் அறுபடவில்லை. ‘பலமுறை’ என்பதையும் கவனியுங்கள். விட்டவன் மீண்டும் விழுவது இந்நோயில் அடிக்கடி நிகழ்வதே. அதைக் கண்டு, இவனுக்கு விமோசனமில்லை என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் நம் எவருக்கும் இல்லை.

வலி மாத்திரைக்கும் ஊசிக்கும் பழகியவன் நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை தொடங்கி ஒரு வார காலம் வாட்டும். நெடுநாள் குடித்தவன் மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஆகவே அறையில் பூட்டித் திருத்திவிடலாம் என எண்ணாதீர்கள். சங்கிலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடித் தீ விபத்தில், பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டதை மறந்துவிட்டோமா? 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்திருக்கிறது. சிகிச்சைக்கு மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் மாதங்களே மிகவும் அஞ்சத்தக்கவை. சில வாரங்கள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது, மூச்சு அடங்கிவிடும். ‘அத்தா, மறுபடியும் தவறிவிட்டேன்’ என்று சொல்லும் துணிவு அவனுக்கு வீட்டில் கிடைக்க வேண்டும். அடிக்கு அஞ்சித் தனியே ஒளிந்து உபயோகிப்பவனைக் காப்பாற்ற அருகில் எவரும் இருப்பதில்லை.

ஊசிக்கும் மாத்திரைக்கும் அடிமையானவர்களுக்கு மருத்துவர்கள் புப்ரெனார்ஃபின் எனும் மாத்திரையை எழுதுவதுண்டு. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று தாய்மார்கள் அதை நிறுத்திவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்துள்ள மருந்து அது. நாமாக நிறுத்தக் கூடாது. ரமளானில் ஸஹர் நேரத்துக்கோ இஃப்தாருக்குப் பின்னரோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதெனில், நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்தே இருக்கிறது.

பணம் கையில் தராதீர்கள். உணவு, உடை, பேருந்துச் செலவு அனைத்தையும் நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். அத்தாவுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து அவன் கடனை அடைக்கும் தாயின் பாசத்தை நாம் அறிவோம். ஆயினும் அந்தப் பணம் அவனை மீட்பதில்லை.

இன்னொன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறோம். ‘கல்யாணம் செய்தால் திருந்திவிடுவான்’ என்று உண்மையை மறைத்துப் பெண் கேட்பது பிறர் பெற்ற பிள்ளைக்கு இழைக்கும் மோசடி. தெரிந்துகொண்டே அத்தகைய நிகாஹை நடத்தி வைக்க நாம் வர மாட்டோம். வளைகுடாவுக்கு அனுப்பும் யோசனையும் அப்படித்தான். அங்கே போதை வழக்கென்றால் சிறை. சவூதியில் கடத்தலுக்கு மரண தண்டனையும் உண்டு.

காவல் துறைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவோர் உள்ளனர். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. பாதியில் கைவிட்டால் விலக்கும் போகலாம். வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

மஹல்லாவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பிள்ளை தொழுகைக்கு வந்து ஸஃப்பில் நிற்கும்போது ஒதுங்கி இடம் விடாதீர்கள். தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள். பேச விரும்பும் பெற்றோர் இஷாவுக்குப் பின் நம்மைச் சந்திக்கலாம். பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

வஸ்ஸலாம்.