வீட்டு ஒலிக்கருவிகளில் ரீங்காரமும் எர்த் கம்பியும்



பாட்டு நின்ற பின்னும் ஸ்பீக்கரிலிருந்து 'உம்' என்று இடைவிடாமல் எழும் ஓசையை மைக் செட் வேலை தெரிந்தவர்கள் ஹம் என்பார்கள். தமிழில் ரீங்காரம் எனலாம். காதுக்கு உபத்திரவமேயன்றி இதனால் வேறு பெருந்தீங்கு இல்லை. ஆனால் இதைப் போக்குவதற்கென்று பலர் கையாளும் ஓர் உபாயம் பிராணாபாயமானது. மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிடுதல், அல்லது பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடுதல் என்பதே அது. ஓசை அந்தக் க்ஷணமே நின்றுவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. நின்றுவிடுவதாலேயே இந்த வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. விஷயம் தெரிந்த கடைக்காரர்கூடச் சில சமயம் இதையே சொல்லி அனுப்புகிறார்.

எர்த் கம்பி எதற்காக இருக்கிறது? ஆம்ப்ளிஃபயரின் உள்ளே பேஸ் கம்பியின் உறை தேய்ந்தோ, எலி கடித்தோ, அந்தக் கம்பி இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் அழுத்தம் பெட்டியின்மேல் ஏறி நிற்கும். எர்த் செம்மையாக இருந்தால் மின்சாரம் அதன் வழியே பூமிக்குப் பாயும். எர்த் இல்லாவிடில் மின்சாரம் காத்திருக்கும். பெட்டியைத் தொடுகிறவருடைய உடம்பே அதற்கு வழியாகும். அபாயம் அந்த ஒரு பெட்டியோடும் நிற்பதில்லை. ஒலிக்கம்பியின் வெளிப்பின்னல் ஒரு கருவியின் பெட்டியை மற்றொன்றின் பெட்டியோடு இணைப்பதால், ஆம்ப்ளிஃபயரில் ஏறிய மின்சாரம் டெலிவிஷனுக்கும், கம்ப்யூட்டருக்கும், பாடுகிறவர் கையிலுள்ள மைக்குக்கும் போய்ச் சேரும்.

கிராமங்களில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொல்லைப்புறத்தில் அடித்த ஒரு குழாயே பல வீடுகளில் எர்த்தாக இருக்கிறது. அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாயக்கூடியது சுமார் 11 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. ஆகையால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சுவிட்சை மீட்டர்ப் பலகைக்கு அடுத்தாற்போல் அமைத்துக்கொள்வது மிக அவசியம். அது இருக்கிறதென்று எர்த்தைக் கைவிடலாகாது. எர்த் இருக்கிறதென்று அதை வேண்டாமென்பதும் சரியன்று.

இனி, ரீங்காரம் வரும் வழியைப் பார்ப்போர்க்கு முதலில் காதே கருவி. இந்நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 அலையின் ஓசை, ஒரு கட்டைச் சுருதியில் கூட்டிய ஆண்குரல் தம்புராவின் மந்தர ஸட்ஜத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, மிருதுவாக இருக்கும். ஒரு ஸ்தாயி மேலே, 100 அலையில், சற்றுக் கரகரப்போடு கேட்பது வேறு. மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் பகுதியில் பிறப்பது பெரும்பாலும் அதுவே. அங்குள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் வயதாகி வற்றிப்போவதன் அடையாளம். சொற்பப் பழக்கத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

அடுத்தபடி, வால்யூம் திருகை முற்றிலும் குறைத்துப் பார்க்கவேண்டும். குறைத்தும் ஓசை மாறாதிருந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே, திருகுக்குப் பிற்பட்ட இடத்தில் இருக்கிறது. திருகோடு கூடிக் குறைந்தால் அது முன்னிருந்து வருவது. அப்போது மின்சாரத்தை நிறுத்தி, பின்புறத்தில் செருகியுள்ள ஒலிக்கம்பிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மீண்டும் ஓடவிட்டுக் கேட்கவேண்டும். ஒவ்வொன்றாகவே எடுக்கவேண்டும். சங்கத்துக் கணக்கில் பேதம் வந்தால் எல்லாப் பேரேடுகளையும் ஏககாலத்தில் திருத்துகிறவர் பேதத்தை ஒருபோதும் கண்டுபிடிப்பதில்லை, இங்கும் அப்படியே. எந்தக் கம்பியை எடுத்ததும் ஓசை நின்றதோ, அந்தக் கம்பியும் அதன் மறுமுனைக் கருவியும் விசாரணைக்குரியவை.

பெரும்பாலான வீடுகளில் அகப்படுவது எர்த் வளையம். ஆம்ப்ளிஃபயருக்குத் தன் பிளக்கின் வழியே ஓர் எர்த் இருக்கிறது. அதனோடு இணைந்த மற்றக் கருவிக்கு வேறு வழியில் ஓர் எர்த் இருக்கிறது. இரண்டு குளங்களின் நீர்மட்டம் நான்கு விரற்கடை வேறுபட்டாலும் இடையிலுள்ள கால்வாயில் நீர் ஓடும் அல்லவா? இரண்டு எர்த்துகளின் அழுத்தம் சிறிது வேறுபட்டாலும் அவற்றை இணைக்கும் ஒலிக்கம்பியின் பின்னலில் மின்சாரம் ஓடும். பாட்டுக்கென்று வெட்டிய கால்வாயில் இந்த 50 அலை நீரும் கலந்துவிடுகிறது. எர்த் முனையை ஒடித்தால் ஓசை நிற்பதன் ரகசியம் இதுதான்: வளையம் அறுகிறது, காவலும் அத்துடன் போகிறது.

இவ்வளையத்தை ஒலிக்கம்பியின் பக்கமாக அறுப்பதே முறை. முதலில் செலவில்லாத வழி: ஒன்றோடொன்று இணையும் கருவிகள் யாவற்றையும் எர்த்துள்ள ஒரே பலகையிலிருந்து ஓட்டுதல். கூடத்துச் சாக்கெட்டில் ஒன்றும் உள்ளறைச் சாக்கெட்டில் மற்றொன்றுமாக இருந்தவை ஒரே பலகைக்கு வந்ததும் ஓசை அடங்கிய வீடுகள் அநேகம். அடங்காவிட்டால், ஒலிக்கம்பியின் நடுவே ஒன்றுக்கொன்று என்ற விகிதமுள்ள சிறு ஒலி டிரான்ஸ்பார்மரை இடலாம். பாட்டு காந்தத்தின் வழியே தாண்டிச் செல்லும். பின்னல் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கேபிள் டெலிவிஷன் கம்பியைச் சந்தேகிக்காமல் விடலாகாது. தெருக் கம்பத்திலிருந்து செட் டாப் பெட்டிக்கு வரும் அந்தக் கம்பியின் பின்னல், எங்கோ தூரத்தில் வேறோர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைத் திருகிக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்தக் கம்பியில் இடுவதற்கென்றே பிரிப்பான்கள் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரையும் சுலபமாகச் சோதிக்கலாம். சார்ஜரை எடுத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டினால் ஓசை மறைகிறதா என்று பார்த்தால் போதும். மின்சாரம் எட்டாத ஊர்களில் முற்காலத்தில் பேட்டரியில் ஓடிய ரேடியோக்களுக்கு இந்த ரீங்காரம் இல்லாதிருந்ததும் இதனாலேதான்.

இசைத்தட்டு போடும் டர்ன்டேபிளின் சங்கதி தனி. அதன் ஊசி தருவது சில மில்லி வோல்ட் மாத்திரமே. அன்றியும், 1954-இல் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, இசைத்தட்டில் குறைத்துப் பதித்த தாழ்ந்த சுரங்களை ஆம்ப்ளிஃபயர் கூட்டித் தரவேண்டியிருப்பதால், 50 அலை ஓசை 1,000 அலை ஓசையைவிடச் சுமார் 7 மடங்கு பெருக்கப்படுகிறது. மற்றக் கருவிகளில் தெரியாத ரீங்காரம் இதில் உரத்துக் கேட்பது வியப்பன்று. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனிக் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் பின்னுள்ள திருகில் முடுக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதை வீட்டு எர்த்தோடு சேர்க்கவேண்டுவதில்லை. டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் வைக்காமல் ஒரு முழம் தள்ளிவைத்தால், டிரான்ஸ்பார்மரின் காந்த அலைகளும் ஊசிக்கு அதிகம் எட்டா.

ஓசை மிகப் பெரிதாக, ஸ்பீக்கர் அதிரும்படி வந்தால் அது வளையமன்று. ஒலிக்கம்பியின் பின்னல் அறுந்திருக்கும். ஈயம் வைத்துப் பற்றவேண்டும் அல்லது புதுக் கம்பி வாங்கவேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பும்போதும், எல்.இ.டி. விளக்கைப் போடும்போதும் மட்டும் 'கொர்' என்று கேட்பது அவற்றின் குற்றமே.

ரீங்காரத்தின் பேரால் எர்த்துக்குச் செய்யப்படும் வேறு சில கொடுமைகளும் உண்டு. சாக்கெட்டில் எர்த் துளை இருந்தும் அதன் பின்னே கம்பியே இல்லாத வீடுகள் குறைவல்ல. இக்குறையை மறைப்பதற்காக எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சோதனை விளக்கு எரியும், வீட்டாரும் திருப்தியடைவர். வெளியே எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் வழியாகவோ விளக்கின் வழியாகவோ பேஸ் வந்து, அவ்வீட்டிலுள்ள இரும்புப் பெட்டிகள் எல்லாவற்றின்மீதும் ஏறும். எர்த்தே இல்லாததைவிட இது கொடிது. தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்புவதும் வீண். குழாய்கள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. ஆம்ப்ளிஃபயருக்கென்று தனியே ஒரு கம்பியைப் பூமியில் அடித்து, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவோரும் உளர். அவர்கள் இரண்டாம் குளம் வெட்டுகிறார்கள். வளையம் பெருகுவதோடு, அருகே இடி விழும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழும் அழுத்தம் கருவியையே எரித்துவிடும். எர்த்தின் தடையை மீட்டர் வைத்து அளந்து பார்க்க உரிமம் பெற்ற மின்தொழிலாளரை, மண் உலர்ந்து கிடக்கும் கோடையில் அழைத்தால்தான் உண்மை வெளிப்படும்.

சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டை உறையிட்டவை. அவற்றுக்கு இரண்டு முனைப் பிளக்கே போதும்.

கடைசியாக, பாட்டன் காலத்து வால்வு ரேடியோவை வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் ஏற்பட்ட காலத்தில், நேர் மின்சாரம், மாறு மின்சாரம் இரண்டிலும் ஓடக்கூடிய ஏ.சி.-டி.சி. செட்டுகளும் விற்பனையில் இருந்தன. இவற்றுட் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பிகளில் ஒன்றோடு நேரே சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் அது பேஸாகிவிடும். மரப்பெட்டியும் பேக்கலைட்டுக் குமிழ்களுமே உபயோகிப்போரைக் காத்துவந்தன. குமிழ் கழன்று திருகு வெளியே தெரிந்தால் தொடலாகாது. ரீங்காரம் போகட்டுமென்று இச்சட்டத்தை எர்த்தோடு சேர்ப்பதும், டெலிபோனிலிருந்து பாட்டுக் கேட்க இதில் கம்பி செருகுவதும் அறவே கூடாதவை. ரீங்காரம் இதில் பெரும்பாலும் வற்றிய கெப்பாசிட்டரால் வருவது. மாற்றவேண்டுமானால், மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பார்மரைக் கடையில் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்தக் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கும்.