தண்டனையின் நோக்கமும் சட்டத்தின் மௌனமும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவு, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, கடுங்காவலும் வெறுங்காவலுமான சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம், சமூக சேவை என ஆறு வகைத் தண்டனைகளை அடுக்குகிறது. அவை எதற்காக விதிக்கப்படுகின்றன என்பதை மட்டும், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தைப் போலவே, அதுவும் சொல்லாமல் விட்டுவிட்டது. இக்கருத்தரங்கு முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கது இம்மௌனமே.

குற்றத்தின் அளவுக்கு ஒத்த துன்பத்தைக் குற்றவாளி அடைய வேண்டும் என்னும் ஈட்டுக் கோட்பாடு, பழிவாங்கல் என்று இகழப்படுவதுண்டு. ஆயினும் குற்றத்தை விஞ்சிய தண்டனை அநீதி என்று தடுத்து நிறுத்தும் வலிமை அதற்கே மிகுதியாக உண்டு. அதன் குறை, ஒரு திருட்டுக்கு ஈடு எத்தனை மாதச் சிறை என்பதற்கு அதனிடம் அளவுகோல் இல்லாமையாகும். பிறர் அஞ்சி விலகுவதற்காகத் தண்டிப்பது அச்சுறுத்தல் கோட்பாடு. தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வந்து சேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையைவிட மிகுதியாக அச்சுறுத்துகிறது என்பதற்குச் சான்றில்லை என்ற முடிவுக்கு இந்தியச் சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டின் 262ஆம் அறிக்கையில் வந்தது. இருந்தும் பரபரப்பான குற்றம் ஒன்று நிகழ்ந்தவுடன் சட்டமன்றங்கள் கடுமையைக் கூட்டுகின்றனவே அன்றி, புலனாய்வின் தரத்தைக் கூட்ட முனைவது அரிது, முன்னதற்குச் செலவில்லை.

குற்றவாளியைத் திருத்துவதே நோக்கம் என்னும் கோட்பாட்டுக்கு நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் 1977இல் முகமது கியாசுதீன் வழக்கின் தீர்ப்பில் அழுத்தம் தந்தார். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடி முதன்முறை தண்டனைக்குள்ளாகுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை என்னும் புதிய விதி அவ்வழியில் வந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் எத்தகைய பணி, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பவற்றைச் சன்ஹிதா வரையறுக்காததால், திருத்தமாக அமைய வேண்டியது அவமானமாக முடியவும் கூடும். திருந்தும்வரை அடைத்து வைக்கலாம் என்று இக்கோட்பாட்டை நீட்டினால் தண்டனைக்கு எல்லையே இல்லாமற்போகும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இந்நோக்கங்களுள் எது ஒரு வழக்குக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்ய, குற்றம் நிரூபணமான பின் தண்டனை பற்றித் தனியே கேட்டறிய வேண்டும் என்னும் விதியை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. பல நீதிமன்றங்களில் அது ஒரு சடங்காகச் சுருங்கிவிட்டது: சொல்ல ஏதேனும் உண்டா என்று நீதிபதி வினவ, வயதான தாயும் சிறு குழந்தைகளும் இருப்பதாகக் கூண்டில் நிற்பவர் கூற, அது இரண்டு வரியில் பதிவாகி அன்றே தண்டனை அறிவிக்கப்படுகிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குக்கே மரண தண்டனை என்ற உச்ச நீதிமன்றம், குற்றவாளி திருந்த மாட்டார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அரசுடையது என்ற கருத்தை ஏற்றது. அதற்கான உளவியல் மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் விசாரணை நீதிமன்றங்களே பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று.

தண்டனையே பெறாதவர் நிலை இதனினும் சிக்கலானது. இந்தியச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ நான்கில் மூவர், வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், ஏற்கெனவே இருந்த காலமே போதும் என்று தீர்ப்பெழுதி விடுவிப்பதும் நடக்கிறது. அங்கே குற்றத்தை எடைபோடுவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது. அதன் அளவை முடிவு செய்தது மேற்கூறிய கோட்பாடுகளுள் எதுவுமன்று, வழக்கு இழுத்த இழுப்பே.