செல்லில் கணக்கு ஏற்றப் பழகின கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு கணக்காளர் ஒருவர் பேசியது)



லோக்ஓஎஸ் செயலியில் கணக்கு ஏற்றக் கத்துக்கிட்டதைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவதுதான் படிச்சவள். ஆனால் பதினோரு வருஷமா குழு நோட்டு என் கையிலதான். தீர்மானம், சேமிப்பு, உள்கடன், அசல், வட்டி எல்லாம் கைப்பழக்கம்.

பயிற்சியில் சுவரில் படம் காட்டிச் சொன்னாங்க. "புரியுதாம்மா?"ன்னு கேட்டப்போ எல்லாரும் "புரியுது" என்றோம். எனக்கு ஒண்ணும் புரியலை. பக்கத்தில் இருந்தவங்களுக்கும் புரியலைன்னு சாப்பாட்டு நேரத்துலதான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து மகள்கிட்ட செல்லைக் கொடுத்தேன். நான் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவ கடகடன்னு தட்டி முடிச்சிட்டா. வேலை முடிஞ்சுது, நான் கத்துக்கலை.

அதில் முதல்ல உறுப்பினர் விவரம், அப்புறம் பழைய நிலுவை, அதுக்கப்புறம்தான் மாதாமாதக் கூட்டக் கணக்கு. பழைய நிலுவை தப்பானால் அதுக்கு மேல ஏத்துறது எல்லாமே தப்பு. நான் சறுக்கினது அங்கேதான். எங்க குழுவில் ஒரு அம்மா 20,000 ரூபாய் கடன் வாங்கி, எட்டு மாதம் 1,500 வீதம் அசல் கட்டியிருந்தாங்க. பாக்கி 8,000. நான் 20,000-னே சொல்லிட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் கணக்கு மனசுல நிற்கும். கூட்டத்தில், "செல்லுல என் கணக்கு என்ன இருக்கு, படி"ன்னாங்க. படிச்சேன். "அப்போ சொசைட்டிக்குப் பால் ஊத்தி நான் கட்டின பன்னிரண்டாயிரம் எங்கே?"ன்னு கேட்டாங்க. யாரும் பேசலை. பதினோரு வருஷத்தில் என்னை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. நோட்டை எடுத்துக் காட்டினதும் சமாதானம் ஆனாங்க. எனக்குத்தான் ரெண்டு நாள் தூக்கம் இல்லை.

பக்கத்துக் குழு கணக்காளர் அக்காகிட்ட போனேன். அவங்க எட்டாவது. என் செல்லை அவங்க தொடவே இல்லை. "நீயே அமுக்கு, நான் பார்க்கிறேன்"னாங்க. எந்தப் பக்கத்தில் என்ன கேட்குதுன்னு ஒரு நோட்டுல எழுத வச்சாங்க. 'வாங்கினது வேற, பாக்கி வேற'ன்னு சிவப்பு மையில் எழுதினேன், இன்னும் அப்படியே இருக்கு. மூணு சாயங்காலம் போனேன். அப்புறம்தான் விரல் நடுங்கலை.

தப்பைத் திருத்தறதுக்கு அலைஞ்ச கதை வேற, அதை விடுங்க.

இப்போ எங்க கூட்டத்தில் ஒருத்தர் நோட்டைப் பிடிச்சுக்குவாங்க. நான் செல்லில் ஏத்தினதை ஒவ்வொரு பேரா சத்தமாப் படிப்பேன். ரெண்டும் ஒத்துப்போனால்தான் அனுப்புவேன். நெட் இல்லைன்னாலும் பதிவு போட்டு வச்சுக்கலாம், கிடைக்கும்போது அனுப்பலாம். அதனால அவசரம் இல்லை. படிக்கிறதுக்குக் கால் மணி நேரம் கூட ஆகுதுன்னு சிலர் சலிச்சுக்கிறாங்க. சலிக்கட்டும்.

அந்த அம்மா இப்போ என் பக்கத்துலதான் உட்காருவாங்க. போன மாசம் அவங்க கடன் முடிஞ்சுது. "பாக்கி பூஜ்யம்"னு படிச்சேன். "இன்னொரு தடவை படி"ன்னாங்க. படிச்சேன்.