பேய் வீடும் பூட்டிய கதவும்

 

  

பேய் வீடு எனப் பெயர் பெற்ற கட்டடங்களைப் பார்க்கப் போவது இன்று உலகின் பல நகரங்களில் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. பணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவரின் பின்னால் இரவிலே கூட்டமாகச் செல்கிறார்கள். செல்ல முடியாதவர்கள் கைத்தொலைபேசியில் அக்காட்சிகளைப் பார்க்கிறார்கள். எம் பிள்ளைகளும் நள்ளிரவு தாண்டியும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் அறிவீர்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கே பேய் இருக்கிறதா?" இன்று உங்களை வேறொரு கேள்வியைக் கேட்குமாறு அழைக்கிறேன்: "அங்கே மனிதர்கள் என்ன செய்தார்கள்?"

இதற்கு உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில், ரோயல் வீதியில் 1140ஆம் இலக்க மாளிகை இருக்கிறது. அது தனியார் ஒருவரின் சொத்து. பேய் பார்க்க வருவோர் வீதியோரத்தில் நின்று அதன் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

1831ஆம் ஆண்டு அந்த இடத்தை வாங்கியவர் டெல்பின் லாலோரி என்ற செல்வச் சீமாட்டி. நகரின் உயர் குடும்பங்கள் அவருடைய விருந்துகளுக்கு வந்து போயின. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி அடிமையாக வைத்திருப்பதை அந்நாட்டுச் சட்டம் அனுமதித்திருந்த காலம் அது. லாலோரியின் வீட்டிலும் அடிமைகள் பலர் இருந்தார்கள்.

1834ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி அவ்வீட்டின் சமையலறையில் தீப்பிடித்தது. அணைக்க ஓடிவந்தவர்கள், சமையல் செய்யும் மூதாட்டி ஒருவர் அடுப்போடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். தண்டனைக்குப் பயந்து, செத்தாலும் பரவாயில்லை என்று தானே தீ வைத்ததாக அம்மூதாட்டி கூறினார் எனப் பதிவாகியுள்ளது. மேலும் சிலர் உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு கூட்டத்தில் எழுந்தது. சாவியைக் கேட்டபோது வீட்டார் கொடுக்க மறுத்தார்கள். வந்தவர்கள் கதவுகளை உடைத்தார்கள். உள்ளே இருந்து ஏழு அடிமைகள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டப்பட்டிருந்தது. தலையில் ஆழமான காயத்தோடு நடக்கவும் சக்தியற்றிருந்தார் வேறொரு மூதாட்டி. இதற்குச் சாட்சியம் அளித்தவர் கெனோஞ் என்ற நீதிபதி. மற்றவர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதை விடச் சிலர் தங்கள் வீட்டிலேயே இருந்துகொள்வது நல்லது என்ற கருத்துப்பட, லாலோரியின் கணவர் தம்மிடம் ஏளனமாகப் பேசியதாகவும் அவர் கூறியிருக்கிறார்.

வாலிபர்களே, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். மீட்கப்பட்டவர்கள் நகரச் சிறைச்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். இரண்டு நாட்களுக்குள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் அங்கே சென்று அவர்களைப் பார்வையிட்டார்கள் என அக்காலப் பத்திரிகை எழுதியது. ஆத்திரமுற்ற கூட்டம் மாளிகையைச் சூறையாடியது. லாலோரி குதிரை வண்டியில் தப்பியோடி, கடல் கடந்து, பிரான்ஸின் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை.

இந்தக் கொடுமை ஒரே நாளில் முளைத்ததா? இல்லை. ஹெரியட் மார்ட்டினோ என்ற ஆங்கில எழுத்தாளர் 1838இல் வெளியிட்ட தமது பயண நூலில், நியூ ஓர்லியன்ஸ் மக்களிடம் தாம் கேட்டறிந்தவற்றைத் தருகிறார். அவ்வீட்டு அடிமைகள் வாடி மெலிந்திருந்ததை அயலவர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தார்கள். சட்டத்தை நினைவூட்ட ஓர் இளைஞர் அனுப்பப்பட்டார். அவரோ சீமாட்டியின் இனிய உபசரிப்பில் மயங்கி, இவரைச் சந்தேகிப்பதே தவறு என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். பின்னர், சவுக்கோடு துரத்தப்பட்ட ஒரு சிறுமி கூரையிலிருந்து விழுந்து இறந்ததை அயல்வீட்டார் கண்ணால் கண்டார்கள். விசாரணை நடந்து ஒன்பது அடிமைகள் பறிக்கப்பட்டார்கள். உறவினர் ஒருவர் மூலம் அவர்களையே லாலோரி மீண்டும் வாங்கிக்கொண்டார் என்கிறார் அந்த எழுத்தாளர். அயலார் அறிந்திருந்தார்கள். சட்டமும் ஒருமுறை வாசல்வரை வந்துபோனது. ஆயினும் கதவு மீண்டும் பூட்டப்பட்டது.

அடக்கப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டறிந்தார்கள். 1830க்கும் 1834க்கும் இடையில் லாலோரியின் அடிமைகளில் பன்னிரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். காரணம் எழுதப்படவில்லை. அவர்களுள் ஒருத்தி சமையலும் சலவையும் செய்த போன் என்ற தாய். அவளுடைய பிள்ளைகளான ஜூலியட், ஃப்ளோரன்ஸ், ஜூல்ஸ், லியோன்டீன் ஆகிய நால்வரின் பெயர்களும் அதே பதிவேடுகளில் இருக்கின்றன. ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும்! பேய் பார்க்க வருபவர்களில் இந்த ஐந்து பெயர்களை அறிந்து திரும்புவோர் எத்தனை பேர்?

அவ்வீட்டில் நடந்த அநியாயம் அத்தோடும் முடியவில்லை. திருத்திக் கட்டப்பட்ட அதே மாளிகை, அடிமை முறை ஒழிந்த பின்னர் பெண்பிள்ளைகளின் பாடசாலையாக இயங்கியது. வெள்ளை இனப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கற்றார்கள். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளை இனவாதக் கூட்டமொன்று உள்ளே நுழைந்து, மாணவிகளின் பூர்வீகத்தை விசாரித்து, கறுப்பின வம்சத்தினர் எனக் கருதியவர்களை வெளியேற்றியது. பாடப் புத்தகத்தோடு வாசலுக்குத் துரத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளை எந்தப் பேய்க் கதை நினைவுகூருகிறது?

மாறாக, 1946இல் வெளியான ஒரு பேய்க் கதை நூல், 1834ஆம் ஆண்டுப் பதிவுகளில் இல்லாத கோரங்களையெல்லாம் எந்த ஆதாரமும் காட்டாமல் சேர்த்தது. இன்றைக்குப் பரவியிருப்பவை பெரும்பாலும் அந்தச் சோடனைகளே. உண்மையாகவே சங்கிலியில் கிடந்தவர்கள் மறைந்து போனார்கள். கற்பனைப் பேய்கள் புகழ் பெற்றன. அநியாயம் இழைக்கப்பட்டவர்களை இது இரண்டாம் முறையும் அநியாயம் செய்வதாகும் அல்லவா?

அன்பர்களே! ஜின்கள் என்றொரு படைப்பு உண்டு என்பதை நாம் நம்புகிறோம். ஆனால் இறந்தவரின் ஆன்மா பேயாக மாறி வீட்டைச் சுற்றி அலைகிறது என்பதற்கு எம் மார்க்கத்தில் இடமில்லை. மரணித்தவர் பர்ஸக் உடைய வாழ்வில் இருக்கிறார். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டமின்றி எவரையும் அணுகமாட்டா. ஆகவே பாழடைந்த வீட்டைக் கண்டு முஃமின் நடுங்க வேண்டியதில்லை. நடுங்க வேண்டியது அநியாயத்தைக் கண்டுதான்.

அப்படியானால் இத்தகைய இடங்களைப் பார்க்கவே கூடாதா? பூமியிலே பயணம் செய்து அநியாயக்காரர்களின் முடிவு எவ்வாறாயிற்று என்பதைப் பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் எம்மைத் தூண்டுகிறது. எந்த மனநிலையோடு பார்ப்பது என்பதை நபி (ஸல்) அவர்கள் செய்து காட்டினார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது, அழிக்கப்பட்ட ஸமூத் கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் என்ற இடத்தை அவர்கள் கடந்தார்கள். மலையைக் குடைந்து அமைத்த வசிப்பிடங்கள் அங்கே இருந்தன. தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் எனத் தோழர்களைத் தடுத்தார்கள். தலையை மூடிக்கொண்டு வாகனத்தை விரைவுபடுத்தினார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவைக் கூட உண்ண விடாமல் ஒட்டகங்களுக்குக் கொடுக்கச் செய்தார்கள். ஹிஜ்ர் பகுதியிலுள்ள அந்தப் புராதனச் சின்னங்கள் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கே செல்பவருக்கும், அநியாயம் நடந்த எந்த வீட்டின் முன் நிற்பவருக்கும் அந்த ஒழுக்கம் பாடமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டும் கூச்சலிட்டுக்கொண்டும் நிற்பதற்குரிய இடமல்ல அது.

கைவிடப்பட்ட வீடு என்றாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழைவதை ஸூரா அந்நூர் தடுத்திருக்கிறது. இரவிலே மதில் ஏறிக் குதிப்பதை வீரம் என எண்ணும் வாலிபர்கள் இதனை மனதிற் கொள்ள வேண்டும்.

ஆனால் இன்று நான் வலியுறுத்த விரும்புவது இதைவிடப் பெரியதொரு விடயம். லாலோரியின் மாளிகை பேய் வீடாக மாறுவதற்கு முன் விருந்து வீடாக இருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கூடத்தின் அழகைப் பார்த்தார்கள்; பூட்டிய அறையைப் பற்றிக் கேட்கவில்லை. அவ்வாறான பூட்டிய கதவுகள் இன்றும் இல்லையா?

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய எம் நாட்டுத் தாயொருவரின் உடலிலிருந்து ஆணிகளையும் ஊசிகளையும் வைத்தியர்கள் அகற்றினார்கள். வேலைக்கு அமர்த்திய வீட்டாரே அவற்றை ஏற்றியதாக அவர் கூறினார். சவூதித் தரப்பு அதைச் சந்தேகித்தது. ஆயினும் அந்தக் காட்சி எம் உள்ளங்களை உலுக்கியது. முஸ்லிம் நாட்டில் நடந்தது என்பதற்காக நாம் வாய்மூடி இருக்க முடியாது. எம் வீடுகளில் வேலைக்கு நிற்பவர்களுக்கு நாம் எப்படி நடக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. மேசையில் மிஞ்சியதை மட்டும் உண்ணும் ஏழைப் பிள்ளையும், ஒரு பீங்கான் உடைந்ததற்காக அறை வாங்கும் பிள்ளையும் எம் அயலில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

அபூ மஸ்ஊத் (ரழி) அவர்கள் ஒருமுறை தமது அடிமையை அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த நபி (ஸல்) அவர்கள், இவர் மீது உமக்கிருக்கும் சக்தியை விட உம் மீது அல்லாஹ்வுக்கு அதிக சக்தி உண்டு என உணர்த்தினார்கள். உடனே அவர் அந்த அடிமையை விடுதலை செய்தார். அவ்வாறு செய்திருக்காவிட்டால் நரக நெருப்பு அவரைத் தீண்டியிருக்கும் என நபியவர்கள் எச்சரித்தார்கள். அடித்தவர் ஒரு ஸஹாபி என்பதைக் கவனியுங்கள்! முஆத் (ரழி) அவர்களை யெமனுக்கு அனுப்பியபோதும், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையை அஞ்சுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றும் நபியவர்கள் உபதேசித்தார்கள்.

பெற்றோர்களே! பேய்க் காட்சி பார்க்கும் பிள்ளையை ஏசி அனுப்பிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள், யார் அழுதார்கள் எனத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பிள்ளைக்கு வரலாறும் தெரியும், இரக்கமும் பிறக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்பவரை அவருக்குரிய பெயர் சொல்லி அழைத்து, நீங்கள் உண்பதை அவருக்கும் கொடுத்து, பிள்ளைகளுக்கு அதைக் கண்ணால் காட்டுங்கள்.

வாலிபர்களே! உங்களுக்குத் தைரியம் இருக்கிறது. ஆளில்லாத வீட்டில் இரவைக் கழிக்கத் தேவைப்படும் தைரியத்தை விட, ஆள் வாழும் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்கும்போது கதவைத் தட்டத் தேவைப்படும் தைரியம் பெரியது. ஒரு சிறுவன் அடிபடுவதைக் கண்டால், ஒரு பணிப்பெண் பூட்டி வைக்கப்பட்டிருப்பதை அறிந்தால், பெரியவர்களிடம் சொல்லுங்கள், பொலிஸாரிடம் அறிவியுங்கள். இனிய பேச்சில் மயங்கித் திரும்பி வந்த அந்த நியூ ஓர்லியன்ஸ் இளைஞரைப் போல் ஆகிவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை அநீதியிலிருந்து பாதுகாப்பாயாக! பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கண்ணீர் வடிப்போருக்கு விடிவைத் தருவாயாக! அவர்களின் குரலைக் கேட்டும் கேளாதவர்களாக எங்களை ஆக்கிவிடாதே! ஆமீன்.