மலிவு விலை மைக்கும் பாட்டிமார் குரலும்



தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று ஊதிப் பார்க்காத பிள்ளை நம்மிடையே இருக்க முடியாது. ஊதுவது மைக்குக்கு நல்லதல்ல. பேசிப் பார்த்தாலே போதும். இன்று அந்த மைக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கையில் பிடித்துப் பேசும் மலிவு விலைக் கண்டென்சர் மைக்கை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படிச் சீர்செய்வது என்பதை எங்கள் பள்ளியின் அனுபவத்தைக் கொண்டே சொல்கிறோம்.

எங்களுடையது செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ள தோட்டப்பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் காலி. நிபோங் திபாலுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் அதற்கு அப்பாலும் மக்கள் குடிபெயர்ந்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் பாட்டிமாரும் பிள்ளைகளோடு போய்விடுமுன், அவர்கள் பாடும் தாலாட்டையும் பால்வெட்டுக் காலத்துக் கதைகளையும் பதிவு செய்து வைப்போம் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களோடு சேர்ந்து முடிவு செய்தோம். முதலில் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தோம். மின்விசிறி கேட்டது, சேவல் கேட்டது, மோட்டார் சைக்கிள் கேட்டது. பாட்டி மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்தார். வாய்க்கருகே வைக்க ஒரு மைக் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் 60 வெள்ளி கொடுத்தது. ஒரு சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போனோம். முதல் கடையில் 'கண்டென்சர்' என்று பெட்டியிலேயே பெரிதாக அச்சிட்ட மைக் ஒன்றைக் காட்டினார்கள். இங்கே ஒரு சோதனையைச் சொல்கிறோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கின் அடிப்பகுதியைத் திருகி, உள்ளே இருக்கும் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கடையில் உள்ள சாதாரண ஒலிபெருக்கியில் செருகிப் பேசுங்கள். மின்கலம் இல்லாமலும் குரல் நன்றாக வந்தால் அது கண்டென்சர் அல்ல; காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'டைனமிக்' மைக். எங்களுக்குக் குரல் வந்தது! கடைக்காரரிடம் சொன்னோம். "எல்லாம் ஒன்னுதான் சார்" என்றார்.

ஒன்றல்ல. டைனமிக் மைக் மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். மேடையில் உரக்கப் பாடுபவருக்கும், கீழே விழுந்தாலும் தாங்க வேண்டிய இடத்துக்கும் அதுவே ஏற்றது. ஆனால் எண்பது வயதுப் பாட்டியின் தேய்ந்த குரலைப் பிடிக்க அதைவிட நுண்ணிய காது வேண்டும்.

அந்தக் காது எப்படி வேலை செய்கிறது? ஓர் உலோகத் தகடு. அதற்கு முன்னால், மயிரிழை இடைவெளியில், உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் நிற்கிறது. நாம் பேசும்போது படலம் அசைகிறது. இடைவெளி கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் கூடிக் குறைகிறது. 1916இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட்டே என்ற பொறியாளர் இந்த வகை மைக்கை உருவாக்கினார். ஆனால் மின்னேற்றத்தை நிறுத்திவைக்க வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் தந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகவே வானொலி நிலையம் போன்ற இடங்களில்தான் அது குடியிருந்தது. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின அமெரிக்கரும், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற ஜெர்மானியரும் வேறு வழி கண்டார்கள். சீப்பால் தலையை வாரிக் காகிதத் துண்டருகே காட்டினால் இழுக்கிறதல்லவா? அந்த மின்னேற்றம் சற்று நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் பல ஆண்டுகள் தங்கும்படி டெஃப்லான் படலத்துக்குள்ளேயே அதைப் புகுத்தினார்கள். இதற்கு 'எலெக்ட்ரெட்' என்று பெயர். மைக்கின் விலை சரிந்தது அதனால்தான்.

அப்படியானால் உள்ளே மின்கலம் எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் காதின் முதுகில் கடுகளவு டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கிறது. காது தரும் மிக நலிந்த மின்குறியைக் கம்பி வழியே அனுப்பத்தக்கதாக ஆக்குவது அது. 1.5 வோல்ட் மின்கலம் அதற்குத்தான் உணவு.

இரண்டாம் கடையில் உண்மையான கண்டென்சர் மைக் 35 வெள்ளிக்குக் கிடைத்தது. பள்ளியிலிருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்து, முதலில் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் போனோம். ஒரு மணி நேரம் பாடினார், பேசினார். பதிவாகும்போதே காதில் மாட்டிக் கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கு வந்து கேட்டால் முழுவதும் வண்டு ரீங்காரம். 'ப' என்ற எழுத்து வந்த இடமெல்லாம் பட்டாசு. மைக்கைப் பிடித்த பையன் விரலை அசைத்தபோதெல்லாம் கரகரப்பு. மறுவாரம் போனால் வீடு பூட்டியிருந்தது. மகன் வந்து ஜொகூருக்கு அழைத்துப்போய்விட்டாராம்.

அன்று பள்ளியில் யாரும் அதிகம் பேசவில்லை. "வேற நல்ல மைக் வாங்கலாம் சார்" என்றாள் ஒரு மாணவி. அதற்குப் பணம் இல்லை. அவளே மறுநாள், "எங்கம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள்.

1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து, தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போன பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்த அம்மாவும் பதினேழு ஆண்டுகள் உருப்பெருக்கிக்குக் கீழே ஈயம் பற்றவைத்தவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தராத வேலை அது. மைக்கைத் திறந்தவுடனேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்: "இந்தப் பின்னல் கம்பியை வெட்டிச் சும்மா விட்டிருக்காங்க, சார். உடம்போட சேரவே இல்ல."

கம்பிக்குள் குரலைக் கொண்டுபோகும் இழையைச் சுற்றி வெள்ளிநிறப் பின்னல் ஒன்று இருக்கும். அது கவசம். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பு உள்ளே நுழையாமல் தடுப்பது அதன் வேலை. மைக்கின் உலோக உடலும் அதனோடு சேர்ந்திருந்தால்தான் கவசம் முழுமையாகும். உங்கள் மைக்கில் ரீங்காரம் கேட்டால், உலோக உடலைக் கையால் தொட்டும் விட்டும் பாருங்கள். ரீங்காரம் மாறுகிறதென்றால் உடல் இணைக்கப்படவில்லை என்று பொருள். அந்த அம்மா உடலின் உட்புறத்தில் சாயத்தைச் சுரண்டி, பளபளக்கும் இடத்தில் சிறு கம்பியொன்றை ஈயத்தால் பொருத்திப் பின்னலோடு சேர்த்தார். வண்டு பறந்துவிட்டது. ஆனால் காதின் முதுகில் உள்ள இணைப்பில் பற்றவைப்பதானால் மூன்று வினாடிக்கு மேல் சூடு காட்டக்கூடாது என்று எச்சரித்தார், டிரான்சிஸ்டர் கருகிவிடும். மின்கலத்தைக் கழற்றிவிட்டே எதையும் செய்ய வேண்டும்.

கரகரப்புக்கு மருந்து ரப்பர். பழைய சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி, காதுக்கும் உடலுக்கும் நடுவே மெத்தைபோல வைத்தோம். இதில் ஒரு தவறு செய்தோம். காதின் பின்புறம் இருந்த சிறு துளைகளையும் டியூப் மூடிவிட்டது. பள்ளி மண்டபத்தில் ஒலிபெருக்கியில் போட்டதும் கூவியது பாருங்கள், சமையற்காரம்மா ஓடிவந்துவிட்டார். முன்னால் வரும் குரலை மட்டும் எடுத்து, பின்னால் வருவதை விலக்கத்தான் அந்தத் துளைகள். அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும். டியூபை மறுபடி வெட்டித் துளைகளை விடுவித்தோம்.

'ப' வெடிப்பதற்குக் காரணம் வாயிலிருந்து பாயும் காற்று. கம்பிக்கூட்டுக்குள் இருந்த பழைய பஞ்சு, நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பொடிந்துபோயிருந்தது. புதுப் பஞ்சு வைத்தோம். அதைவிடப் பெரிய உதவி, மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் பிடித்தது. இதற்குக் காசு செலவில்லை.

ஒரு சிறு மாற்றம் மட்டும் கணக்கோடு செய்தோம். குரல் வெளியேறும் வழியில் இருந்த 4.7 மைக்ரோபாரட் மின்தேக்கியை எடுத்துவிட்டு 0.1 மைக்ரோபாரட் வைத்தோம். எங்கள் கருவியின் உள்ளீட்டுத் தடை சுமார் 10,000 ஓம். ஆகவே ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் தணிந்தது. பெண்களின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டியே இருப்பதால் பாட்டிமாருக்கு இழப்பில்லை. தாத்தாமார் குரல் இன்னும் கீழே இறங்கும். அவர்களுக்காக வாங்குவோர் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றி இரண்டொரு சொல். வேலை முடிந்ததும் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் மின்கலம் கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், எலுமிச்சம் சாற்றில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து நன்றாகக் காயவிடலாம். காலணிப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு டின்னில் மூடி வையுங்கள். ஈரம் கண்டென்சருக்குப் பகை. பெரிய கலவைக் கருவியில் இணைக்கும்போது '48 வோல்ட்' என்ற பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நம்முடைய மைக் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கைப்பேசியில் இணைப்பவர்கள் அதற்குரிய இடைச்செருகியைக் கேட்டு வாங்குங்கள். நேரே செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

இத்தனைக்கும் எங்களுக்கு ஆன செலவு ஏழு வெள்ளி.

அந்தப் பாட்டி தீபாவளிக்கு ஊர் வந்தார். தோசைக்கல் அடுப்பிலிருக்க, வாசலில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருக்க, பின்கட்டில் அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தோம். இம்முறை ஒரு மாணவன் தொடக்கம் முதல் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். முடிந்ததும் பாட்டியின் காதில் மாட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். "நான் மூச்சு விடறதுகூடக் கேக்குதே, வாத்தியாரே!" என்றார். பிறகு முகம் சுளித்து, நடுவில் ஓரடியை மாற்றிப் பாடிவிட்டதாகவும், அதை இப்படியே வைக்கக்கூடாது என்றும் பிடிவாதம் பிடித்தார். மின்கலம் புதிது. மைக்கை மறுபடியும் அவர் பக்கம் நீட்டினோம்.