மணிக்கூடு பிறசர் பார்க்குமா?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் டொக்டர் இல்லை. ஊரில் ஏ.எல். வரை படித்துவிட்டு, இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். என்றாலும் பிறசரைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

முப்பத்தாறு வயதிலேயே எனக்குப் பிறசர் என்று குளிசை தந்தார்கள். போன வருஷம் பிறசர் காட்டும் மணிக்கூடு ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கிக் கட்டினேன். எப்ப பார்த்தாலும் 122க்கு 79, இல்லாவிட்டால் 119க்கு 78. இனி என்னத்துக்குக் குளிசை என்று நானே நிற்பாட்டிப் போட்டன்.

இரண்டு மாதம் கழித்து வேலையிடத்துப் பரிசோதனையில் தாதி கையில் பட்டி சுற்றிப் பார்த்தா. 172க்கு 106. "மணிக்கூடு 121 எண்டெல்லோ காட்டுது" என்றேன். அவ சிரிக்கவில்லை. வேலைக்கு விடாமல் நேரே டொக்டரிட்டை அனுப்பினா.

வீட்டுக்கு வந்து அதே மணிக்கூட்டை எழுபத்திரண்டு வயது மாமிக்குக் கட்டிப் பார்த்தேன். பட்டி மெசினில் எப்போதும் 150க்கு மேலே நிற்கிற மனுசி. அவவுக்கும் 120க்கு 78!

ஏன் இப்படி? பட்டி கட்டும் முறையை 1896இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரொச்சி கொண்டுவந்தார். பட்டி ஊதி நாடியை நெரித்து, பிறகு மெல்ல விடும்போது அழுத்தத்தை அளக்கிறது. என்னுடைய மாதிரி மணிக்கூடு எதையும் நெரிப்பதில்லை. தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் அலையைப் பார்த்து ஊகிக்கிறது. கை குளிர்ந்தாலோ அசைந்தாலோ அலை மாறிவிடும்.

பெரிய கொம்பனிகளின் மணிக்கூடும் பட்டி மெசினின் இடத்துக்கு வரவில்லை. சாம்சுங் மணிக்கூட்டை 28 நாட்களுக்கு ஒருமுறை பட்டி மெசினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்பிள் 2025இல் கொண்டுவந்த வசதி இலக்கமே காட்டாது. 30 நாள் அலைகளைப் பார்த்து, பிறசர் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கும். எச்சரிக்காவிட்டால் பிறசர் இல்லை என்று அர்த்தமில்லை. பட்டியில்லாக் கருவிகளை நம்பி நோயைத் தீர்மானிக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2022இலேயே சொல்லிவிட்டது.

மேற்கையில் கட்டும் மெசின் வாங்குங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருங்கள். கால் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சிகரெட் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் சராசரி 135க்கு 85, அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரைக் காணுங்கள்.

இந்த வருஷம் ஊரிலுள்ள அம்மா அப்பாவுக்கு மணிக்கூடு அனுப்ப நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து பட்டி மெசினை அனுப்புங்கோ. நான் திரும்பவும் குளிசை போடுகிறேன். மணிக்கூட்டில் நேரம் மட்டும் பார்க்கிறேன்.